என் நம்பருக்கு வந்த போன்

கீரமங்கலம்
9 செப்டம்பர் 2024

அன்புமொழிக்கு,

ஒனக்கு போன் வந்துச்சு. திருச்சியிலேருந்து, ஏதோ பைனான்ஸ் கம்பெனியாம். பேசுனவங்க பேரு ராஜலட்சுமி. நல்ல மரியாதையாப் பேசுனாங்க. "அன்புமொழிதானே பேசுறது? வர்ற புதன்கிழமை சர்டிபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டு நேர்ல வர முடியுமாம்மா"ன்னு கேட்டாங்க. "அவ இங்க இல்லைங்க, நான் அவ ஃபிரண்டு, சொல்லிடுறேன்"னேன். வழக்கமாச் சொல்றதுதான்.

சொல்லிட்டேன். என் கடமை முடிஞ்சுது. இந்த லெட்டர் ஒன் ஹாஸ்டலுக்கு வந்து சேர்றதுக்குள்ள புதன்கிழமை போயிரும், அது என் தப்பில்லை. ஒன் நம்பரை நான் பிளாக் பண்ணிருக்கேன், அந்த பிளாக்கை எடுக்கிறதாவும் இல்லை. ஒங்க அம்மாகிட்டதான் ஹாஸ்டல் அட்ரஸ் வாங்குனேன். "என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா"ன்னு கேட்டாங்க. இல்லைன்னு பொய் சொன்னேன். அந்தப் பாவமும் ஒன் தலையிலதான்.

ஒன் பயோடேட்டாவுல இருக்கிற என் நம்பரை எடுத்துட்டு ஒன் நம்பரைப் போடு. ஆனந்தராஜ் அண்ணன் ப்ரவுசிங் சென்டர்ல என்னுதை அடிச்சு முடிச்சு, அதையே காப்பி பண்ணி, பேரு, அப்பா பேரு, ஊரு, மார்க்கு, போட்டோ எல்லாத்தையும் ஒன்னுதா மாத்துனவரு, நம்பரை மட்டும் மாத்த மறந்துட்டாரு. மெயில் எல்லாம் போனப்புறம்தான் பாத்தோம். "வல்லத்திராக்கோட்டையில எங்க வீட்டுக்குள்ள டவரே எடுக்காது, ஒன் நம்பரே இருக்கட்டும்டி, போன் வந்தா நீ சொல்லிரு"ன்னு சிரிச்ச. நானும் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன்.

ஒண்ணா உக்காந்து, ஒரே நாள்ல, ஒரே கம்பெனிகளுக்குத்தான் அனுப்புனோம். ஒரே காலேஜ், ஒரே பி.காம்., ஒரே டேலி கோர்ஸ், சேர்ந்து பண்ணுன ஒரே ப்ராஜெக்ட். மார்க் மட்டும் எனக்குக் கூட. வந்த அத்தனை போனும் இந்த நம்பருக்குத்தான் வந்துச்சு. அதுல ஒண்ணுகூட எனக்கு இல்லை.

திருச்சி போன் வந்தப்ப ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். எங்க அத்தா வாசல்ல லோடு ஆட்டோவைக் கழுவிக்கிட்டிருந்தாங்க. கழுவுறதை நிறுத்திட்டு முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஜுலைகாவைப் பாத்து, "ப்ளஸ் டூவோட போதும் தங்கம். ஒங்க அக்கா படிச்சு என்னத்தைக் கண்டா"ன்னாங்க. அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. எனக்கு வேலை கிடைச்சாத்தான் என் தங்கச்சிக்குக் காலேஜ். இதை நீயும் தெரிஞ்சுக்க.

இப்படிக்கு,
ஒன் டெலிபோன் ஆபரேட்டர்


சென்னை
16 செப்டம்பர் 2024

அடியே மர்ஜானா,

ஹாஸ்டல் வார்டன் "ஒனக்கு லெட்டர் வந்திருக்கு"ன்னு குடுத்ததும் ரூம்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாளுக. இந்தக் காலத்துல யாருடி லெட்டர் போடுறான்னு ஒரே கேலி. எனக்கு ஒன் கையெழுத்தைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. திட்டுறதுக்காவது எழுதுனியே, அது போதும் எனக்கு.

திருச்சி போகட்டும் விடு. நம்பரை மாத்தணும்னு நினைச்சுக்கிட்டேதான் இருக்கேன், சத்தியமா. ஆனா அனுப்புன மெயிலை எப்படித் திரும்ப எடுக்கிறது? அது பாட்டுக்கு எங்கெங்கேயோ சுத்திக்கிட்டு இருக்கு.

இங்க என்னை எச்.ஆர். செக்ஷன்ல போட்டிருக்காங்க. மத்த கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போட்டுக் குடுக்கிறதுதான் எங்க கம்பெனி வேலை. மேனேஜர் ரகுநாத் சார் தங்கமான மனுசன். நான் ஊர்ப் பேச்சுப் பேசுறேன்னு யாரோ சிரிச்சதுக்கு அவங்களைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டாரு. பக்கத்து சீட்டு ஜெரால்டு திண்டுக்கல்காரன், எப்பப் பாத்தாலும் கடலை மிட்டாய் தின்னுக்கிட்டே இருப்பான். இதையெல்லாம் ஒங்கிட்ட போன்ல சொல்ல முடியலையேன்னுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

பஸ் ஸ்டாண்டுல நடந்ததையே நினைச்சுக்கிட்டு இருக்கேன்டி. என்னை வழியனுப்ப வந்தவ, "எல்லாம் ஒண்ணா இருக்கு, பேரு மட்டும்தான் வேற. அப்ப என் பேருதானே காரணம்?"னு கேட்ட. நான் "நீயா ஒண்ணைக் கற்பனை பண்ணிக்காத, நீ இன்டர்வியூல பேசத் தயங்குவ, அதான்"னுட்டேன். பஸ் கிளம்புற அவசரத்துல வாயில வந்தது. நீ திரும்பிப் பாக்காமப் போயிட்ட.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இந்தக் காலத்துல யாருடி பேரைப் பாத்து ஆள் எடுப்பா? நம்ம கிளாஸ்ல ஒன்னை யாராச்சும் வேத்து ஆளாப் பாத்தோமா? நோன்புக் கஞ்சி குடிக்க நாங்கதானே மொத ஆளா ஒங்க வீட்ல வந்து நிப்போம்? ஒன் மெயில் எங்கேயாச்சும் மாட்டியிருக்கும். ஒண்ணு பண்ணிப் பாரேன். முக்காடு போடாத போட்டோ ஒண்ணு வச்சு அனுப்பு. பேரையும் சுருக்கமா எஸ். ஜானான்னு போடு. சும்மா ஒரு தடவை. யாருக்குத் தெரியப்போவுது?

எப்பவும் ஒன்,
அன்பு


கீரமங்கலம்
25 செப்டம்பர் 2024

அன்புமொழிக்கு,

நான் இன்டர்வியூல பேசத் தயங்குவேன்னு ஒனக்கு எப்படிடீ தெரியும்? என்னை எவன் இன்டர்வியூக்குக் கூப்பிட்டான்?

ஒங்கிட்ட சொல்லாத ஒண்ணைச் சொல்றேன். ஜூலையில கோயம்புத்தூர்லேருந்து ஒரு மேடம் கூப்பிட்டாங்க. "அன்புமொழியா?"ன்னாங்க. அன்னைக்கு எனக்கு என்ன கிறுக்குப் புடிச்சுதோ, "ஆமாங்க"ன்னுட்டேன். போன்லயே கேள்வி கேட்டாங்க. ஜி.எஸ்.டி., டேலி, ப்ராஜெக்ட்ல நீங்க என்ன பண்ணுனீங்க, எல்லாம். பட்டுப் பட்டுன்னு சொன்னேன். ப்ராஜெக்டைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும், எழுதுனதே நான்தானே. "ரொம்ப நல்லாப் பேசுறீங்களே"ன்னு சிரிச்சாங்க.

அதுக்கு மேல முடியலை. "மேடம், மன்னிச்சுக்கோங்க, நான் அன்புமொழி இல்லை, அவ ஃபிரண்டு மர்ஜானா பேகம். நானும் ஒங்களுக்கு அனுப்பிருக்கேன். நானும் வரலாமா?"ன்னு கேட்டேன். "பாத்துட்டுச் சொல்றோம்மா"ன்னாங்க. குரலே வேற ஆயிருச்சு. இன்னும் பாத்துக்கிட்டே இருக்காங்க. பொய் சொன்னதாலதான் கூப்பிடலைன்னு நீ சொல்லுவ. சரி, அப்படியே வச்சுக்கலாம். பொய் சொல்லாத மத்த இடத்துல எல்லாம் என்ன ஆச்சு?

எஸ். ஜானாவாம் ஜானா! முக்காட்டை எடுத்துரலாம். பேகத்தை வெட்டிரலாம். சேக் தாவூதுங்கிற அத்தா பேரை ஒத்தை எழுத்தாக்கிரலாம். அப்புறம் வேலைக்கு வர்றது யாரு? ஒரு நாளைக்கு ஆபீஸ்லேருந்து "ஜானா இருக்காளா"ன்னு வீட்டுக்கு போன் பண்ணுனா எங்க அம்மா "ராங் நம்பருங்க"ன்னு வச்சிருவாங்க.

நோன்புக் கஞ்சியை ஞாபகப்படுத்தாத. கஞ்சி குடிச்சது நெசம், நல்லாத்தான் குடிச்சீங்க. நான் கேட்டது கஞ்சியைப் பத்தி இல்லை.

வேற நம்பர்லேருந்து கூப்பிட்டுப் பாக்கலாம்னு நினைக்காத. கூப்பிட்டா இந்த லெட்டரும் நின்னுரும். ஒன் குரலைக் கேட்டா நான் அழுதுருவேன், இல்லைன்னா கத்திருவேன். ரெண்டும் எனக்கு வேணாம்.

மர்ஜானா


சென்னை
21 அக்டோபர் 2024

மர்ஜானா,

ஒன் லெட்டர் வந்து ரொம்ப நாளாச்சு. பதில் எழுத ஒக்காந்து ஒக்காந்து எந்திரிச்சேன். நீ சொன்னதை நான் நம்பலை. இந்தப் பொண்ணு ரொம்பத்தான் மனசைக் கெடுத்துக்கிட்டா, ஊருக்குப் போனா நேர்ல சமாதானம் பண்ணிக்கலாம்னு இருந்தேன். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் புது ஆள் எடுக்க வந்த மெயிலை எல்லாம் பிரிண்ட் போட்டு, யாரைக் கூப்பிடலாம்னு பிரிச்சுத் தரச் சொன்னாரு ரகுநாத் சார். எனக்கு அந்த வேலை புதுசு. மார்க்கை மட்டும் பாத்து அடுக்கி வச்சேன். அவரு டீ குடிச்சுக்கிட்டே ஒவ்வொண்ணாப் புரட்டுனாரு. நாலஞ்சை உருவித் தனியாப் போட்டாரு. எதை உருவுறாருன்னு பாத்தேன். ரிஸ்வானா. பாத்திமுத்து. அபுதாகிர்னு ஒரு பையன். படிச்சே பாக்கலைடி. மேல இருந்த பேரைப் பாத்தாரு, உருவுனாரு, அடுத்ததுக்குப் போயிட்டாரு.

"ஏன் சார், மார்க் நல்லா இருக்கே"ன்னு கேட்டேன். அவரு கோவப்படவே இல்லை. அப்பா மாதிரி பக்கத்துல ஒக்கார வச்சுச் சொன்னாரு: "நம்ம மனசுல ஒண்ணும் இல்லைம்மா. நல்ல பிள்ளைங்கதான். ஆனா கிளையண்ட் ஆளுங்க ஒரு மாதிரி. இந்தப் பொண்ணுங்களை வீட்லயும் ரொம்ப நாள் வேலைக்கு விடமாட்டாங்க, கல்யாணம்னு கூட்டிட்டுப் போயிருவாங்க. நமக்கு எதுக்கு ரிஸ்க்? இதையெல்லாம் வெளியில சொல்லக்கூடாது, நீயாப் புரிஞ்சுக்கணும்."

எனக்கும்தான் கல்யாணம் ஆகும். என்கிட்ட ஒரு வார்த்தை அவரு கேக்கலையே.

நான் என்ன பண்ணுனேன்னு கேளு. ஒண்ணும் பண்ணலை. அவரு தனியாப் போட்டதை எடுத்து டிராயர்ல வச்சேன். அன்னைக்குச் சாப்பாடு எறங்கலை. நம்ம பயோடேட்டா ரெண்டும் இதே டேபிளுக்குத்தானே வந்திருக்கும்னு திரும்பத் திரும்பத் தோணுது. என்னுதை எடுத்தாங்க. ஒன்னுதை உருவியிருப்பாங்க. நான் ஒக்காந்திருக்கிற சீட்டுலேயே எனக்கு ஒக்கார முடியலைடி.

பஸ் ஸ்டாண்டுல நீ கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்றேன். ஆமா. ஒன் பேருதான்.

அன்பு


கீரமங்கலம்
29 அக்டோபர் 2024

அன்பு,

நான் ஜெயிச்சுட்டேன்னு குதிக்கணும் போல. படிச்சு முடிச்சுட்டு மாடிக்குப் போய் அழுதேன். நீ அன்னைக்குச் சொன்னதே சரியா இருந்திருக்கக் கூடாதா? எனக்குப் பேசத் தெரியலைன்னா நான் பழகிக்குவேன். பேருன்னா நான் எங்கிட்டுப் போயி என்னத்தைப் பழகுறது?

சாப்பாடு எறங்கலைன்னு எழுதிருக்க. அந்த ரிஸ்வானாவும் பாத்திமுத்தும் எங்கேயோ போனைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் ஒக்காந்திருப்பாளுக. சிக்னல் இருக்கா, சார்ஜ் இருக்கான்னு எடுத்து எடுத்துப் பாப்பாளுக. பேசத் தெரியலையோ, மெயில் போகலையோன்னு ராவும் பகலும் தன்னையே கொறை சொல்லிக்கிட்டு இருப்பாளுக. நீ அவங்களை டிராயர்ல போட்டுட்டு எங்கிட்ட வந்து அழுவுற.

எங்கிட்ட அழாத. அவருகிட்ட கேளு. ஒரு தடவை, எல்லாரும் இருக்கிறப்ப, "ஏன் சார்"னு கேளு. வேலை போயிருமேன்னு பயமா இருக்குமில்ல? இருக்கும். ஒனக்குப் போறதுக்கு ஒரு வேலையாச்சும் இருக்கு.

அத்தாகிட்ட இதையெல்லாம் சொல்லலை. எனக்கு மார்க் பத்தலைன்னு அவங்க நினைச்சுக்கிட்டு இருக்காங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். மார்க் பத்தலைன்னா வருத்தம்தான். இது தெரிஞ்சா அவங்க மனசு விட்டுரும். நான் வீட்ல பூக் கட்டிக்கிட்டு இருக்கேன். மார்க்கெட்லேருந்து முல்லையும் கனகாம்பரமும் அத்தா கொண்டாந்து போடுறாங்க. ஜுலைகாவும் பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டுறா, என்னைவிட வேகமாக் கட்டுறா. அதைப் பாத்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு.

அடுத்து ஊருக்கு வந்தா ஒங்க அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

மர்ஜானா


கீரமங்கலம்
20 ஜனவரி 2025

அன்புமொழிக்கு,

பொங்கலுக்கு வந்திருந்தியாம். ஆலங்குடி பஸ்ல ஒன்னைப் பாத்ததா நம்ம கிளாஸ் புவனேஸ்வரி சொன்னா. வந்துட்டு எட்டிக்கூடப் பாக்காமப் போயிட்ட. லெட்டரும் இல்லை. நான் கேட்டது ஒனக்குப் பெருசாப் பட்டுருச்சு போல. சரி, விடு. ஒன் பொழப்பு ஒனக்கு.

ஒனக்கு இன்னும் போன் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. மதுரைக்காரங்க ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. "அவ வேலையில சேந்துட்டாங்க"ன்னு சொல்லிட்டேன். ஜுலைகாவுக்கு மார்ச்சுல பரீட்சை. காலேஜ் பேச்சை அவளே நிறுத்திட்டா.

ஆபரேட்டர்


சென்னை
3 பிப்ரவரி 2025

மர்ஜானா, மர்ஜானா,

ஒங்க வீட்டுப் பக்கம் வராமப் போனதுக்கு என்ன வேணாலும் திட்டு. கீரமங்கலம் பஸ்ல ஏறி ஒக்காந்துட்டு எறங்கிட்டேன். கேட்டியான்னு நீ கேப்ப, இல்லைன்னு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றதுன்னுதான். இப்பக் கேட்டுட்டேன்டி!

பிப்ரவரிக்கு மறுபடியும் ஆள் எடுக்கிறாங்க. ஒன் பழைய மெயிலைத் தேடி எடுத்து பிரிண்ட் போட்டு, அடுக்குல எல்லாத்துக்கும் மேல வச்சேன். ரகுநாத் சார் கையை வச்சாரு, உருவப் போனாரு. "ஏன் சார்?"னு கேட்டேன். செக்ஷனே நிமிந்து பாத்துச்சு. "சொன்னேன்ல"ன்னாரு மெதுவா. "சார், இவளும் நானும் ஒரே பெஞ்ச். இந்தப் ப்ராஜெக்டை நான் பண்ணுனேன்னுதானே என்னை எடுத்தீங்க? அதை எழுதுனது இவதான். நான் பக்கத்துல ஒக்காந்து பொரி தின்னேன்"னேன். எங்கிருந்துடி வந்துச்சு அவ்வளவு சத்தம் எனக்கு!

ஜெரால்டு இருக்கான்ல, அவன் மிட்டாயைக் கீழ வச்சுட்டு, "சார், அப்ப அந்தப் பொண்ணைத்தானே நம்ம எடுத்திருக்கணும்?"னான். ரெண்டு மூணு பேரு சிரிச்சுட்டாங்க. சாருக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "ஒனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலை, ஞாபகம் இருக்கட்டும்"னாரு எங்கிட்ட. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "சரி, ஒரு போன் போட்டுப் பாருங்க. நீ போடாத, ஒன் ஃபிரண்டு. ஜெரால்டு போடட்டும். ஒரே ஒரு தடவை"ன்னாரு.

வியாழக்கிழமை ஜெரால்டு ஒனக்கு போன் பண்ணுவான். ஆபீஸ் நம்பர், நாப்பத்துநாலுன்னு ஆரம்பிக்கும். எடு. எதுல இருந்தாலும் போட்டுட்டு எடு. வேற நம்பர்லேருந்து கூப்பிடாதன்னு நீ சொன்னதால நான் கூப்பிடலை. என் பிளாக்கை எடுத்துத் தொலைடி. இந்த லெட்டர் புதன்கிழமைக்குள்ள வந்துரணும்னு பெரிய போஸ்ட் ஆபீஸுக்கே போயிப் போடுறேன்.

ஒன்,
அன்பு


சென்னை
8 பிப்ரவரி 2025

மர்ஜானா,

யாருடி எடுத்தது போனை?

ஜெரால்டு கூப்பிட்டான். நான் பக்கத்துலயே நிக்கிறேன். "மர்ஜானா பேகமா பேசுறது?"ன்னு கேட்டான். அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சு. "சரிங்க"ன்னு வச்சுட்டான். யாரோ ஒரு பொம்பளை எடுத்து, "அவ இங்க இல்லைங்க, சொல்லிடுறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்களாம். ஒங்க அம்மாவா? ஜுலைகாவா? எங்க போன நீ அன்னைக்கு? என் லெட்டர் வரலையா?

ரகுநாத் சார் ஒண்ணும் திட்டலை. சிரிச்சாரு. "பாத்தியாம்மா? வீட்ல அனுப்புற எண்ணமே இல்லை. போனைக்கூடப் பொண்ணுகிட்ட குடுக்க மாட்டாங்க. அனுபவத்துல சொன்னேன், நீ என்னமோ சண்டைக்கு வந்தியே"ன்னாரு. எல்லாரும் தலையை ஆட்டுறாங்க. ஜெரால்டும் திரும்ப மிட்டாயை எடுத்துக்கிட்டான். எனக்கு அழுகையை அடக்க முடியலைடி. திங்கக்கிழமையிலேருந்து என்னை எச்.ஆர்.லேருந்து மாத்தி, வருகைப் பதிவு பாக்கிற எடத்துல போடுறாராம். அது கிடக்கட்டும். 17-ம் தேதி திங்கக்கிழமை இன்டர்வியூ. லிஸ்ட்ல ஒன் பேரு இல்லை.

இதை ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன். ஒரு வார்த்தை எழுதிப் போடு. யாரு எடுத்தது?

அன்பு


கீரமங்கலம்
12 பிப்ரவரி 2025

அன்பு,

நான்தான் எடுத்தேன்.

அம்மாவும் இல்லை, ஜுலைகாவும் இல்லை. வியாழக்கிழமை காலையில கல்யாண ஆர்டர். வீடு முழுக்கப் பூ. மடியில கனகாம்பரம், ஒரு கையில நாரு, இன்னொரு கையில பாதி கட்டுன சரம். போன் அடிச்சுது. தோளுக்கும் காதுக்கும் நடுவுல இடுக்கிக்கிட்டேன். ஒரு பையன், "மர்ஜானா பேகமா பேசுறது?"ன்னு கேட்டான். கேட்டுச்சு, அன்பு. நல்லாத்தான் கேட்டுச்சு. ஆனா என் வாய் தானாச் சொல்லிருச்சு: "அவ இங்க இல்லைங்க, சொல்லிடுறேன்." வச்சுட்டு அடுத்த பூவை எடுத்தேன்.

ரெண்டு பூ கட்டியிருப்பேன். ஜுலைகா, "யாருக்கா, அன்பு அக்காவுக்கா?"ன்னா. "ஆமா"ன்னு சொல்ல வாயைத் தொறந்தேன். அப்பத்தான் அந்தப் பையன் சொன்ன பேரு எனக்கு வந்து சேந்துச்சு. நாரெல்லாம் கையில சுத்திக்கிச்சு. போனை எடுத்துத் திருப்பிக் கூப்பிட்டேன். யாரோ ஒரு அம்மா, "எந்த செக்ஷன், யாரு வேணும்"ங்கிறாங்க. எந்தக் கம்பெனின்னே எனக்குத் தெரியாதே, யாருன்னு சொல்லுவேன்? பாட்டுப் போட்டாங்க, கட் ஆயிருச்சு. ஒன் லெட்டர் மறுநாள் வந்துச்சு. பெரிய போஸ்ட் ஆபீஸுல போட்டும் ஒரு நாள் லேட்டு.

அதைப் படிச்சப்புறம் ஒன் பிளாக்கை எடுத்துட்டேன். போனைக் கையில எடுக்கிறதும் கீழ வைக்கிறதுமா இருந்தேன். எடுத்து என்னன்னு சொல்லுறது? எனக்காக நீ சண்டை போட்டு வாங்குன ஒரே ஒரு போனை நானே இல்லைன்னு சொல்லி அனுப்பிட்டேன்னா? ஒவ்வொருத்தருக்கா "அவ இல்லைங்க, அவ இல்லைங்க"ன்னு சொல்லிச் சொல்லி, என்னைத் தேடி ஒருத்தன் வந்தப்பவும் நான் இல்லைன்னே சொல்லிருக்கேன். அவமானமா இருந்துச்சுடி. செத்துரலாம் போல இருந்துச்சு.

நேத்து ஒன் ஸ்பீட் போஸ்ட்டை வாங்குனது அத்தா. சாயங்காலம் எங்கிட்டக் குடுத்துட்டு, "என்னம்மா அவசரம்?"னு நின்னாங்க. மறைக்க முடியலை. ஒன் லெட்டர் எல்லாத்தையும் எடுத்தாந்து படிச்சுக் காட்டுனேன். அத்தாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ரகுநாத் சார் பேரைப் பாத்து உருவுனாருங்கிற எடத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாங்க. வீட்ல அனுப்ப மாட்டாங்க, போனைக்கூடக் குடுக்க மாட்டாங்கன்னு அவரு சொன்னதையும் படிச்சேன். மனசு ஒடைஞ்சு போவாங்கன்னு நினைச்சேன். ஒடையலை. அவங்களுக்கு வந்தது கோவம். "நானாடி அனுப்ப மாட்டேன்னேன்? என்னை அந்த ஆளு எப்பப் பாத்தாரு?"ன்னு கேட்டாங்க. அப்புறம், "மார்க்கு பத்தலைன்னுல்ல நான் நினைச்சேன்"னாங்க. ஜுலைகா தலையில கையை வச்சாங்க.

இன்னைக்குக் காலையில லோடு ஏத்தப் போறப்ப, "அந்தப் பையன் போன்ல கேட்டது ஒன் பேரைத்தானே?"ன்னாங்க. "ஆமா அத்தா"ன்னேன். "முழுப் பேரையும் சொன்னானா?" "முழுசாச் சொன்னான்." "அப்பப் போவோம்"னாங்க.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டையிலேருந்து ரயில். நானும் அத்தாவும் வாரோம். லிஸ்ட்ல என் பேரு இல்லைன்னு எனக்குத் தெரியும். உள்ள விடுவாங்களா, வாசலோட அனுப்புவாங்களான்னு தெரியாது. அத்தா வாட்ச்மேன் பக்கத்துல நின்னுக்குவாங்களாம். மகளை வேலைக்கு அனுப்ப மாட்டேன்னு சொன்ன ஆளு யாருன்னு ரகுநாத் சாரும் ஒரு தடவை பாத்துக்கட்டுமாம். வேலை கிடைக்காமத் திரும்பி வந்தாலும் ஜுலைகாவைக் காலேஜ்ல சேக்கிறேன்னு அத்தா சொல்லலை. ஆனா இன்னைக்குப் பூக் கட்ட ஒக்காந்தவளை எழுப்பி, "போயிப் படி"ன்னாங்க. அதை நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

இதை ஒனக்கு போன்லயே சொல்லியிருக்கலாம். போன்ல நான் ரொம்ப நாளா வேற ஆளாவே பேசிட்டேன், அதான் எழுதி ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன்.

திங்கக்கிழமை காலையில நான் வந்து நின்னா, நீ ஓடி வந்து யாருகிட்டயும் எனக்காகப் பேசாத. அன்னைக்கு போனை எடுத்த பொம்பளை வந்திருக்கான்னு மட்டும் ரகுநாத் சாருகிட்ட சொல்லு. அது யாருன்னு கேட்டா, நீ சொல்லாத. நானே சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
சேக் தாவூது மகள்
மர்ஜானா பேகம்